சந்தாவுக்குள் இருக்கும் இதழ்: சங்க வெளியீடுகளின் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு-செலவு வாசிக்கும்போது சலசலப்பு எழும் வரி ஒன்று உண்டு: ‘மாத இதழ் – தாள், அச்சு, தபால்’. யார் படிக்கிறார்கள், பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்பிவிடலாமே என்பார் பொருளாளர். இதழையும் நிறுத்திவிட்டால் வெளியூர் உறுப்பினருக்குச் சங்கம் வேறென்ன தருகிறது என்று கேட்பார் இதழாசிரியர். பொருளாளர் கையில் இருப்பது செலவுக் கணக்கு. ஆசிரியர் கையில் இருப்பவை பாராட்டுக் கடிதங்கள். இதழின் மதிப்பு இவ்வளவு என்று சொல்லும் எண் இருவரிடமும் இல்லை. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா, முடிந்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

எவை சங்க வெளியீடுகள்?

உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்காகக் கைக்கு வருபவை எல்லாம் சங்க வெளியீடுகள்தாம். நோக்கத்தைப் பார்த்தால் அவை நான்கு வகை.

1. செய்திமடல்: கூட்ட அறிவிப்பு, தேர்தல், இரங்கல், பாராட்டு. பெரும்பாலும் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரியோடு வரும்.
2. தொழில் இதழ்: மருத்துவர், பொறியாளர், கணக்காளர் போன்றோருக்குப் புதிய விதிகளையும் நடைமுறைகளையும் சொல்வது.
3. ஆய்விதழ்: கட்டுரைகளைத் துறை அறிஞர்கள் சரிபார்த்த பின் வெளியிடுவது.
4. மலர்: மாநாடு, வெள்ளி விழா போன்ற தருணங்களுக்கு வருவது. இதில் பாதிப் பக்கம் விளம்பரமாகவே இருக்கும்.

முதல் வகையையும் மூன்றாம் வகையையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. செய்திமடல் அடுத்த மாதமே பழசு. ஆய்விதழுக்கு ஐம்பது ஆண்டு கழித்துத்தான் நல்ல வாசகர் கிடைக்கக்கூடும்.

ஏன் விலை தெரிவதில்லை?

கடையில் விற்கும் வார இதழின் மதிப்பை அறிவது எளிது. பிடிக்காதவர் வாங்க மாட்டார். சங்க இதழில் இந்த வழி மூன்று இடங்களில் அடைபடுகிறது.

1. இதழுக்கென்று தனி விலை இல்லை. உறுப்பினர் அடையாள அட்டை, கூட்டங்கள், நூலகம், வாக்குரிமை எல்லாம் ஒரே சந்தாவில் அடங்கிவிடுகின்றன. ஓட்டலில் முழுச்சாப்பாடு சாப்பிட்டவரிடம் அப்பளத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்பதைப் போன்றது இது.
2. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இதழை மறுத்தாலும் சந்தா குறையாது. அப்படியிருக்க யார் மறுப்பார்கள்?
3. சில தொழில்களில் உறுப்பினராக இருப்பதே சட்டக் கட்டாயம். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக இல்லாத ஒருவர் பட்டயக் கணக்காளராகத் தொழில் நடத்த முடியாது. அப்படிப்பட்ட அமைப்பின் இதழ் எத்தனை பிரதி போகிறது என்பது அந்தத் தொழிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டும்.

இதனால் ‘எங்கள் இதழ் இத்தனை ஆயிரம் பேருக்குப் போகிறது’ என்ற பெருமைக்கு அதிக எடை கொடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் மிக அதிகப் பிரதிகள் போகும் இதழ், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான ஏஏஆர்பி அமைப்பின் உறுப்பினர் இதழ். காப்பீட்டுச் சலுகைக்காகச் சேர்ந்தவர் வீட்டுக்கும் அது போகும்.

சந்தாதாரரை ‘உறுப்பினர்’ ஆக்கிய இதழ்

இந்த முடிச்சை வேண்டுமென்றே போட்டு அதில் பெருவெற்றி கண்டது நேஷனல் ஜியோகிராபிக். 1888 ஜனவரியில் வாஷிங்டனில் அந்தச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இதழ் வந்தது. ஆரம்ப இதழ்கள் புவியியல் அறிஞர்களுக்கே அலுப்பூட்டும் ரகம். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் சங்கத் தலைவரான பின், 1899-ல் கில்பர்ட் குரோவ்னரை இதழ்ப் பணிக்கு அமர்த்தினார். கடையில் இதழை விற்க முயல்வதைக் காட்டிலும் சங்க உறுப்பினர் என்ற தகுதியைக் கொடுப்போம், இதழ் தானாகப் போகட்டும் என்பது அவர்கள் கையாண்ட வழி. இருக்கும் உறுப்பினர்கள் தங்கள் நண்பர்களின் பெயரை முன்மொழிவார்கள். முன்மொழியப்பட்டவருக்கு ஒரு கௌரவமான கடிதம் போகும். சந்தா கட்டிய பள்ளி ஆசிரியரும் பல் மருத்துவரும் தங்களை ஓர் ஆய்வுச் சங்கத்தின் அங்கமாக உணர்ந்தார்கள்.

1905 ஜனவரி இதழில் பக்கத்தை நிரப்பப் போதுமான கட்டுரை இல்லை. ரஷ்யாவிலிருந்து வந்திருந்த திபெத்தின் லாசா நகரப் படங்களைக் கொண்டு பதினொரு பக்கங்களை நிரப்பினார் குரோவ்னர். வேலை போய்விடும் என்று பயந்தவருக்குப் பாராட்டு குவிந்தது. சில ஆயிரமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அந்த ஆண்டிலேயே பத்தாயிரத்தைத் தாண்டியது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1.2 கோடிப் பேர் அதைப் பெற்றார்கள்.

பிறகு சரிந்தது. 2015-ல் இதழ் உள்ளிட்ட ஊடகப் பிரிவின் பெரும்பங்கு ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்த வணிக அமைப்புக்கு 72.5 கோடி டாலருக்குப் போனது. 2019-ல் டிஸ்னி கைக்கு வந்தது. 2022 இறுதியில் சந்தாதாரர் 18 லட்சத்துக்கும் குறைவு. மறு ஆண்டில் எஞ்சியிருந்த பணியாளர் எழுத்தாளர்களும் நீக்கப்பட்டார்கள். படங்களின் தரம் குறைந்ததால் இது நடந்ததாக நான் நினைக்கவில்லை. தொலைக்காட்சியும் இணையமும் அதே காட்சிகளைக் கொடுத்தபோது, ‘நான் இந்தச் சங்கத்து உறுப்பினர்’ என்ற உணர்வு மட்டும் இதழைத் தாங்கியிருக்க வேண்டும். அந்த உணர்வு முன்பே கரைந்து வெறும் சந்தா மட்டும் மிஞ்சியிருந்தது.

ஒரே இதழுக்கு மூன்று விலை: அமெரிக்க வரி விதி

சந்தாவுக்குள் இதழின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியைத் தத்துவமாக விட்டுவிடாமல் கணக்காகப் போட்டுப் பார்த்தது அமெரிக்க வரித்துறை. காரணம் விளம்பரம். வரிவிலக்குப் பெற்ற சங்கமும் தன் இதழில் விளம்பரம் போட்டுச் சம்பாதித்தால், அந்த லாபம் சங்கப் பணியோடு தொடர்பில்லாத வணிக வருமானம் என்று 1969 சட்டத் திருத்தம் தெளிவாக்கியது. ஆனால் ஒரு சலுகை உண்டு: இதழின் வாசகர் பக்கத்தில், அதாவது கட்டுரை, அச்சு, அனுப்புதல் ஆகியவற்றில் நட்டம் வந்தால், அதை விளம்பர லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். நட்டமா என்று பார்க்க இதழின் வருமானம் தெரிய வேண்டும். அந்த வருமானமோ உறுப்பினர் சந்தாவுக்குள் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க மூன்று விதிகள் வகுத்தார்கள். வரிசையில் எது முதலில் பொருந்துகிறதோ அதையே பின்பற்ற வேண்டும்.

1. மொத்தப் பிரதிகளில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ உறுப்பினர் அல்லாதவர்களுக்கு விற்றால், அவர்கள் கொடுக்கும் விலையே உறுப்பினரின் இதழுக்கும் விலை.
2. அப்படி இல்லாமல், உறுப்பினர்களில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இதழ் வேண்டாம் என்று குறைந்த சந்தா கட்டினால், அவர்களுக்குச் சந்தாவில் குறைத்த தொகையே விலை.
3. இரண்டும் இல்லையென்றால், சங்கத்தின் மொத்தப் பணிச் செலவில் இதழ்ச் செலவு எத்தனை பங்கோ, சந்தாவிலும் அத்தனை பங்கு.

கற்பனையாக ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2,000 உறுப்பினர்கள், ஆண்டுச் சந்தா ரூ. 600. மொத்தச் சந்தா வரவு ரூ. 12 லட்சம். இதழின் வாசகர் பக்கச் செலவு 5 லட்சம், மற்றப் பணிகளின் செலவு 10 லட்சம். விளம்பர வரவு 3 லட்சம். எளிமைக்காக அதற்குத் தனிச் செலவு இல்லை, முழுவதும் லாபம் என்று வைப்போம்.

வெளியார் 500 பேர் ஆண்டுக்கு ரூ. 360 கொடுத்து வாங்கினால் முதல் விதி பொருந்தும். உறுப்பினர் சந்தாவில் இதழின் பங்கு 7.2 லட்சம். வாசகர் பக்கத்தில் நட்டமே இல்லை என்பதால் விளம்பர லாபம் 3 லட்சத்துக்கும் வரி. இதற்குப் பதிலாக 400 உறுப்பினர்கள் இதழ் வேண்டாமென்று ரூ. 500 மட்டும் கட்டுகிறார்கள் என்றால், இதழின் விலை நூறு ரூபாய்தான். வாங்கும் 1,600 பேருக்கு 1.6 லட்சம். நட்டம் விளம்பர லாபத்தை முழுக்க விழுங்கிவிடும், வரி கிடையாது. இரண்டும் இல்லாவிட்டால் 12 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 லட்சம். 1 லட்சம் நட்டத்தைக் கழித்து 2 லட்சத்துக்கு வரி.

இதழ் ஒன்றுதான், பக்கங்களும் அவையேதான். ஒரு பிரதியின் ஆண்டு மதிப்பு மட்டும் 360, 100, 200 என்று மாறுகிறது. முதல் எண் தேவையால் வாங்குபவர் தரும் சாட்சி. இரண்டாவது, மறுக்கும் உரிமை உள்ளவர் தரும் சாட்சி. மூன்றாவது வெறும் செலவுக் கணக்கு. அதற்கு மதிப்போடு உறவே இல்லை. நம் ஊர்ப் பொதுக்குழுக்களில் பேசப்படுவது எப்போதும் இந்த மூன்றாவது எண் மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. வரி அதிகாரி முன் சங்கத்துக்கு இதழின் மதிப்பு குறைவாக இருப்பது நல்லது. சந்தா புதுப்பிக்க வரும் உறுப்பினர் முன் அதே மதிப்பு உயர்வாக இருந்தாக வேண்டும். சங்கமே இதழைப் பற்றிச் சொல்லும் எண்ணை, யாரிடம் சொன்னது என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விளம்பரம் மதிப்பைக் காட்டுமா?

விளம்பரம் குவிந்தால் இதழுக்கு மதிப்பு என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் சங்கம் ஒரு படி மேலே போனது. தன் மருத்துவ ஆய்விதழில் வரும் மருந்து விளம்பரங்களும் மருத்துவருக்குக் கல்விதான், எனவே 1975-ம் ஆண்டு விளம்பர வருமானத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பித் தர வேண்டும் என்று வழக்காடியது. 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விளம்பரத்தைப் படித்து மருத்துவர் ஏதாவது தெரிந்துகொள்ளக்கூடும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் எந்த மருந்தைப் பற்றி வாசகர் அறிய வேண்டும் என்று சங்கம் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பணம் கொடுத்தவர் சொன்னது அச்சானது, மாதாமாதம் அதே விளம்பரம் திரும்பவும் வந்தது.

நம் மலர்களுக்கு இந்த ஆராய்ச்சியே அதிகம். ‘நல்வாழ்த்துகளுடன்’ என்ற சொல்லும் கடைப்பெயரும் மட்டும் உள்ள முழுப்பக்கத்தை, செயலாளரின் முகத்துக்காகவோ உள்ளூர் உறவுக்காகவோ கொடுக்கிறார்கள். பெயரில் விளம்பரமாக இருந்தாலும் இது நன்கொடை. மலர் லாபத்தில் முடிந்தது என்று சொன்னால், சங்கத்துக்கு ஊரில் செல்வாக்கு இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம், அவ்வளவே.

இந்தியாவில் இந்தக் கேள்வி ஜிஎஸ்டி வழியாக வருகிறது

சங்கமும் உறுப்பினர்களும் ஒருவரே, தனக்குத் தானே யாரும் விற்க முடியாது, ஆகவே வரியும் இல்லை என்பது பழைய சட்டக் கோட்பாடு. கல்கத்தா கிளப் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2021 நிதிச் சட்டம், சங்கமும் உறுப்பினரும் வேறு வேறு நபர்கள் என்று ஜிஎஸ்டி சட்டத்தில் சேர்த்தது. அதுவும் 1.7.2017 முதல் முன்தேதியிட்டு. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை தொடர்ந்த வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று சொன்னது. சங்கப் பொருளாளர்களின் குழப்பத்துக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம்.

இதழைப் பொறுத்தவரை தெரிந்திருக்க வேண்டியவை:

1. கலை, இலக்கியம், அறிவியல், கல்வி போன்றவற்றுக்காக லாப நோக்கமின்றி இயங்கும் அமைப்பு, ஓர் உறுப்பினரிடம் ஆண்டுக்கு ரூ. 1,000 வரை வாங்கும் சந்தாவுக்கு வரிவிலக்கு உண்டு. பெரும்பாலான ஊர்ச் சங்கங்களின் கவலை இங்கேயே தீர்ந்துவிடும்.
2. விலக்குக்குள் வராத சந்தாவுக்கு 18 விழுக்காடு. அச்சிட்ட இதழை விற்பதற்கு வரி இல்லை. அச்சிதழில் விளம்பர இடம் விற்றால் 5 விழுக்காடு.
3. ‘சந்தா 3,000, அதில் 1,000 இதழுக்கு’ என்று ரசீதில் பிரித்து எழுதினாலே அந்த ஆயிரத்துக்கு வரி போய்விடும் என்று நினைக்கக் கூடாது. ஒன்றோடொன்று இயல்பாகச் சேர்ந்து வருபவற்றில் முதன்மையானது எதுவோ, அதன் வரியே முழுத்தொகைக்கும் என்பது ஜிஎஸ்டியின் பொது விதி. இதழை வெளியாருக்கும் அதே ஆயிரத்துக்கு உண்மையாகவே விற்றுக்காட்டும் சங்கத்தின் வாதம் வலுவானது. ஆடிட்டரைக் கேட்காமல் ரசீதை மாற்ற வேண்டாம்.
4. அச்சிதழுக்கான விலக்கு பிடிஎஃபுக்குத் தானாக வந்துவிடாது. செலவை மிச்சப்படுத்த மின்னிதழுக்கு மாறுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது அம்சத்தில் அமெரிக்காவின் முதல் விதியே வேறு உருவில் நிற்கிறது. வெளியார் வாங்கும் விலைதான் இங்கும் வலுவான சாட்சி.

இதழ் சங்கத்தைச் சுமக்கும்போது

எல்லாச் சங்கமும் இதழுக்குச் செலவழிப்பதில்லை. 1876-ல் தொடங்கிய அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஆய்விதழ்களிலிருந்தும் வேதியியல் தகவல் தொகுப்பிலிருந்தும் வருகிறது. உறுப்பினர் சந்தா அதில் சிறு துளி. பணம் கொடுப்பவை பல்கலைக்கழக நூலகங்கள். இங்கே ‘உறுப்பினருக்கான வெளியீடு’ என்ற சொல்லுக்கே அர்த்தம் தேய்ந்துவிடுகிறது. நூலகம் வாங்கிவிட்டால் இதழுக்காக உறுப்பினராகத் தேவையில்லை. இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. இதழைக் காட்டி இங்கே உறுப்பினர் சேர்க்கும் அறிவியல் சங்கங்கள் இனி வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

எந்தக் கணக்கிலும் அடங்காத பங்கு

இதுவரை சொன்ன அளவுகள் எல்லாம் இன்றைய வாசகரை வைத்துப் போட்டவை. ஒரு சில சங்க இதழ்களுக்கு அது அநீதி.

பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் மறு ஆண்டில் ‘செந்தமிழ்’ இதழைத் தொடங்கியது. ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர், அவருக்குப் பின் மு. இராகவையங்கார். ஓலைச்சுவடிகளில் மட்டும் கிடந்த சிறு நூல்கள் அதில் அச்சேறின. பாட வேறுபாடுகளும் கால ஆராய்ச்சிகளும் அதன் பக்கங்களில் விவாதிக்கப்பட்டன. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925-ல் தொடங்கிய ‘தமிழ்ப் பொழி’லும் அந்த வழியில் வந்ததுதான். இவற்றை அன்று எத்தனை உறுப்பினர்கள் கடைசிப் பக்கம் வரை படித்தார்கள் என்று கணக்கெடுத்திருந்தால் விடை உற்சாகம் தந்திருக்காது. அந்தச் சுவடிகள் பல இன்று இல்லை என்று வையுங்கள். அப்போது பழைய இதழ்தான் மூலம்.

பறவைகள் விஷயத்தில் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. 1883-ல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழ் 1886 முதல் வருகிறது. சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் நடத்திய பறவைக் கணக்கெடுப்பு, 1935 முதல் அதில் தொடராக வந்தது. எந்த ஊரில் எந்தப் பறவை, எந்த மாதத்தில், எந்த உயரத்தில் என்ற வறட்டுக் குறிப்புகள். சுமார் 75 ஆண்டுகள் கழித்துக் கேரளப் பறவை ஆய்வாளர்கள் அதே இடங்களுக்குப் போய் மறு கணக்கெடுத்தபோது, எது குறைந்தது எது புதிதாக வந்தது என்று ஒப்பிட அந்தக் குறிப்புகளே அடிப்படை. 1935-ல் ஒரு பொருளாளர் அந்தப் பக்கங்களை வெட்டியிருந்தால் யாருமே புகார் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பழைய சங்க இதழ் எல்லாமே பொக்கிஷம் என்று இதற்குப் பொருளில்லை. வேறெங்கும் பதிவாகாத தகவல் இருந்தால் மட்டுமே இந்தப் பங்கு சேரும். நாளிதழில் வந்ததை வெட்டி ஒட்டிய செய்திமடல் நூறு ஆண்டு கழித்தும் செய்திமடல்தான்.

பிடிஎஃபுக்கு மாறினால்

அச்சும் தபாலும் மிச்சம் என்பது உண்மை. இழப்பது இரண்டு. ஒன்று, வீட்டில் மேசைமேல் கிடந்து உறுப்பினர் அல்லாதவரும் புரட்டும் வாய்ப்பு. இரண்டாவது கனமானது. 1954-ம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமும் அதன் 1956 திருத்தமும், அச்சாகும் இதழ்களின் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கின்றன. ஒழுங்காக அனுப்பிய சங்கங்களின் இதழ், சங்கம் கலைந்த பிறகும் எங்கோ ஓர் அடுக்கில் இருக்கும். வாட்ஸப் குழுவில் போட்ட கோப்பு, அட்மின் கைப்பேசியை மாற்றும்வரை இருக்கும்.

பொதுக்குழு கேட்க வேண்டியவை

1. உறுப்பினர் அல்லாதவர் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? யாருமே இல்லை என்றால், வெளியாருக்கு விற்க என்றைக்காவது முயன்றோமா?
2. கடந்த பன்னிரண்டு இதழ்களில் வேறெங்கும் கிடைக்காத தகவல் எத்தனை பக்கம்? ஒரு மாலை உட்கார்ந்தால் எண்ணிவிடலாம்.
3. வாழ்த்து விளம்பரத்தை நன்கொடைத் தலைப்புக்கு மாற்றி எழுதினால் இதழின் கணக்கு எப்படி நிற்கிறது?
4. அச்சோ மின்வடிவமோ, முழுத் தொகுதி சங்கத்துக்கு வெளியே எங்கே இருக்கிறது?
5. ‘அச்சிதழ் வேண்டாம்’ என்பவருக்கு ஓராண்டு சந்தாவைக் குறைத்துப் பார்க்கலாமா?

ஐந்தாவது வழி எளிது, நேர்மையானதும்கூட. ஆனால் புதுப்பிப்புப் படிவத்தில் ஒரு கேள்வி மட்டும் வைத்தால் விடை ஏமாற்றிவிடும். தன் வீட்டுக்குப் பிரதி வேண்டாம் என்பவர் இதழே வரக் கூடாது என்று சொல்பவர் அல்லர். பிரதி வேண்டுமா என்பதற்கு ஒரு கட்டம், இதழ் தொடர வேண்டுமா என்பதற்கு இன்னொரு கட்டம். இரண்டாவதில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு முதலாவதில் ‘வேண்டாம்’ என்று குறிப்பவர் எத்தனை பேர் என்பதைத்தான் பொருளாளரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து எண்ண வேண்டும்.